மேற்படியில் ஒரு மான்

ஒரு காட்டில், சிங்கம் கர்ஜிப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றறிக்கை அனுப்பத் தொடங்கியிருந்த காலத்தில், வடிவு என்றொரு பெண் மான் இருந்தாள். கண்ணியில் மாட்டி அவளுக்கு முன்னங்கால் ஒன்று போய்விட்டது. ஓடைக்கரையில் புல் இருக்கும்வரை எப்படியோ வயிறு நிறைந்தது. கோடை வந்துவிட்டால் புல்லைத் தேடி மலைக்குப் போக வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று நினைத்து நினைத்தே அவள் பாதியாக இளைத்துப்போனாள்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. கால் ஊனமுற்ற விலங்குகளுக்குத் தினமும் ஒரு கட்டுப் புல், ஆயுள் முழுக்க. விண்ணப்பப் படிவம் நான்கு பக்கம்.

வடிவு மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் திகைத்தாள். 'மேற்படி மனுதாரர் மட்டுமே கையொப்பமிடத் தகுதியுடையவர்' என்று இருந்தது.

அலுவலகம் பாறைமேல், பதினான்கு படி ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. ஏற முடியாதவர்களுக்காகக் கீழேயே மேசை போட்டு எழுத்தர் கொக்கு மனு வாங்கிக்கொண்டிருந்தார். வடிவு அவரிடம் கேட்கப் பயந்து, வாசலில் மனு எழுதித் தரும் ஓணானிடம் போனாள்.

"அண்ணே, மேற்படின்னா மேல இருக்கிற படிதானே?"

ஓணான் தலையாட்டினார். ஓணான் எதற்கும் தலையாட்டுவார். ஆனால் கவலையில் இருப்பவளுக்கு ஒரு தலையாட்டல் போதும்.

காலையில் ஏறத் தொடங்கியவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பதினான்காம் படியைத் தொட்டாள். இரண்டு முறை சறுக்கி முழங்கால் தோல் உரிந்திருந்தது.

கொக்கு அண்ணாந்து பார்த்தார். "யாரும்மா அது? மனுவை இங்கதானே வாங்குறேன்."

"மேற்படியிலதான் கையெழுத்துப் போடணுமாமே ஐயா. வந்துட்டேன்."

"மேற்படின்னா மேலே சொன்னவர்னு அர்த்தம்மா. முதல் பக்கத்துல பேர் எழுதினீங்கல்ல, அவங்க. அதாவது நீங்க."

"நீங்கன்னே எழுதித் தொலைச்சிருக்கலாமே?"

"அப்படி எழுதினா அது சட்டம் ஆகாது. கடுதாசி ஆயிடும்."

சொல்லிக்கொண்டே கொக்கு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். "மேற்படி மனுதாரர் பதினான்கு படிகளையும் தாமே ஏறினார். ஆகவே மேற்படியாருக்கு மேற்படி ஊனம் இல்லை. மனு தள்ளுபடி."

"ஐயா, ஒரு கால் இல்லையே. கண்ணால பாக்குறீங்களே."

"நான்கூடத்தான் பொழுதுக்கும் ஒத்தக்கால்ல நிக்கிறேன். மனுவா போட்டேன்? இறங்கி வாங்க."

வடிவு கீழே பார்த்தாள். தலை சுற்றியது. ஏறும்போது பின்னங்கால்கள் தள்ளிவிட்டன. இறங்கும்போது முன்னால் தாங்குவதற்கு இரண்டு கால் வேண்டும். அவள் அங்கேயே படுத்துவிட்டாள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. காற்றில் வந்து விழுந்த சருகைத் தின்றாள்.

நான்காம் நாள் அதிகாரி யானை ஆய்வுக்கு வந்தார். "இது என்னய்யா?"

பதிவேட்டில் இல்லாத எதுவும் அலுவலகத்தில் இருந்தால் எழுத்தருக்கு வேலை போய்விடும். கொக்கு சிறகைக் கட்டிக்கொண்டு, "அசையாச் சொத்து ஐயா" என்றார்.

யானை துதிக்கையால் தட்டிப் பார்த்தார். வடிவு பயத்தில் மூச்சுக்கூட விடவில்லை.

"ஆமா, அசையல. ஆனா பராமரிப்பு ஏன் இவ்வளவு மோசம்? எலும்பு தெரியுது. அரசாங்கச் சொத்தை இப்படியா போட்டு வைக்கிறது? நாளையிலேர்ந்து ரெண்டு கட்டுப் புல் வாங்கிப் போடுங்க. வெயில் படாம கூரையும் போடுங்க."

மறுநாளே புல் வந்தது. கூரை வந்தது. வடிவின் விலாவில் வெள்ளைச் சாயத்தால் ஓர் எண்ணும் வந்தது. எந்த மனுவும் இல்லை, எந்தச் சான்றிதழும் இல்லை. ஒரே நிபந்தனை, அவள் இனி அந்தப் படியை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அரசுச் சொத்தைத் திருடிய குற்றம் அவள்மேலேயே விழும்.

"ஐயா, ஈ மொய்க்குது. காதையாவது ஆட்டிக்கலாமா?" என்று கேட்டாள் வடிவு.

கொக்கு சுற்றும் முற்றும் பார்த்தார். "ஒரு காது மட்டும்" என்றார்.

நீதி: அரசாங்கத்திடம் உயிரோடு போய் உதவி கேட்காதீர்கள். மேசை நாற்காலியாகப் போங்கள், பராமரிப்பு உண்டு.