நாற்பத்தேழாம் அட்டை

பதினொரு மாதமாக நான் ஒரு மென்பொருளைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். சம்பளத்துக்கு இல்லை. உலகத்துக்கு.

மனனம் செய்கிறவர்களுக்கான மென்பொருள் அது. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. விடை நினைவிருந்தால் அந்த அட்டை சில நாள் கழித்து வரும். மறந்திருந்தால் நாளைக்கே வந்து நிற்கும். யாரும் இலவசமாக எடுக்கலாம், யாரும் உள்ளே போய்த் திருத்தலாம். பதினைந்து வருஷமாக ஆளாளுக்குத் திருத்தியதில் பழையது வயரிங் பிழையாய்ப்போன வீடு மாதிரி ஆகிவிட்டது. குசினியில் சுவிட்சைப் போட்டால் குளியலறையில் பல்ப் அணையும். ‘கொழும்பு’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அதை அடியிலிருந்து புதிதாக எழுத நாலு நாட்டிலிருந்து ஐந்து பேர் சேர்ந்தோம். வெள்ளவத்தையிலிருந்து நான்.

பெருமையாகவே சொல்கிறேன். தமிழ் எழுத்து இப்போது உடைவதில்லை. இருபதாயிரம் அட்டை கண் மூடித் திறக்குமுன் திறக்கும். போனில் படித்தது கணினிக்குத் தானாக வந்து சேரும். எந்த அட்டை எப்போது வரவேண்டும் என்று கணக்குப் பார்க்கிற பகுதி முழுக்க முழுக்க என் கைவேலை.

மிச்சம் ஒன்றுதான். அது உண்மையிலேயே மனிசரை நினைவு வைக்கச் செய்யும் என்று காட்டவேண்டும். குழுவின் இணையப் பக்கத்தில் சபதமாகவே எழுதிவிட்டேன்: முப்பது நாள் என்னையே வைத்துச் சோதிக்கிறேன், நான் பெரிய மறதிக்காரன், ஒவ்வொரு நாளின் பதிவையும் எல்லாரும் பார்க்கலாம்.

சோதனைக்கு இருநூறு அட்டை வேண்டும். எழுத அலுப்பும் பஞ்சியுமாக இருந்தது. என் மனைவி தாரிகாவிடம் கேட்டேன். எதைப் பற்றி எழுதுகிறது என்றாள். எனக்குத் தெரியாத எதையும் எழுதும் என்றேன். அதுக்கு இருநூறு போதாதே என்று கவலைப்பட்டாள். ஆனாலும் இரண்டே நாளில் எழுதித் தந்துவிட்டாள்.

உலகத் தலைநகரங்கள் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உக்கி மண்ணாகிற குப்பை எடுக்க வருவது எந்தெந்த நாள்? காஸ் முடிந்தால் எந்த நம்பருக்கு அடிப்பது? பாரை மீன் பழசா புதிசா என்று எதைப் பார்த்துச் சொல்வது? மாமியின் பிறந்த நாள் எப்போது? பாவம், பொது அறிவு கொஞ்சம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியின், அதாவது தாரிகாவின் அம்மாவின், பிறந்த நாள் நாற்பத்தேழாம் அட்டை. விடை, ஓகஸ்ட் பதினாறு. ஒன்பது தரம் மறந்தேன். ஒன்பது தரமும் அடுத்த நாளே வந்து நின்றது. பத்தாம் தரம் பிடிபட்டது. அதன்பிறகு பல்லுத் தீட்டும்போதும் ஓகஸ்ட் பதினாறு.

முப்பதாம் நாள் வியாழக்கிழமை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அறிக்கையை இணையப் பக்கத்தில் போட்டேன். குழுவிலிருக்கிற நோர்வேக்காரர் கைதட்டுகிற படம் அனுப்பினார். சனிக்கிழமை எல்லாரும் வீடியோவில் கூடுவதென்றும், என் கணக்குப் பகுதியை நானே விளக்குவதென்றும் முடிவானது. வீட்டில் ஒருத்தியே முழுசாகக் கேட்காத என் பேச்சை நாலு நாடு கேட்கப்போகிறது.

வெள்ளி காலமை தாரிகா தேத்தண்ணியோடு வந்தாள்.

“நாளைக்கு என்ன நாள் எண்டு ஞாபகமிருக்கோப்பா?”

நாளைக்கு ஓகஸ்ட் பதினாறு. நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வத்தளையில் மாமி வீட்டுக்குப் போனால் பகல் முழுக்க அங்கேதான், கூட்டம் போய்விடும். இரண்டு வருஷக் கலியாண வாழ்க்கையில் என்னைக் காப்பாற்றி வந்த பதில் ஒன்று இருக்கிறது. அதையே சொன்னேன்.

“மறந்துபோச்சே.”

அவள் கோபிக்கவில்லை. என் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரையில் நான் உலகத்துக்குப் போட்ட அறிக்கை.

“நாற்பத்தேழாம் அட்டை. கடைசியாக் கேட்டது நேற்றுப் பின்னேரம். ரெண்டு செக்கனில சரியாச் சொல்லியிருக்கிறீங்கள்.”

“அது நேற்று.”

“அடுத்த தரம் பன்ரெண்டு நாள் கழிச்சுத்தான் கேக்குமாம். அதுவரைக்கும் உங்களுக்கு மறக்காதெண்டு உங்கட கணக்குச் சொல்லுது.”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

“சரி, நீங்கள் மறந்தது உண்மையெண்டால் கணக்குப் பிழை. பிழை கண்டால் ஆரும் எழுதலாமெண்டு கீழ ஒரு பெட்டி இருக்கு. எழுதட்டோ? ‘மனிசன் ஒரே நாளில மறந்திட்டார்.’”

“எழுதாதையும்.”

“அப்ப கணக்குச் சரி?”

“சரி.”

“நீங்கள்தான் பொய்?”

பதினொரு மாத உழைப்பு. நான் பொய்யனாக இருக்கலாம், என் மென்பொருள் இருக்கக்கூடாது.

“ஓமப்பா. ஞாபகமிருக்கு,” என்றேன்.

குழுவுக்கு எழுதினேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள், மாமியின் பிறந்த நாளை நம் மென்பொருள் என்னை மறக்க விடவில்லை, இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று. வாழ்த்துகள் குவிந்தன. நோர்வேக்காரர் அந்த வசனத்தைத் தூக்கி முகப்பிலேயே போட்டுவிட்டார்.

சனிக்கிழமை நீர்கொழும்பு றோட் பஸ்ஸில், கேக் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடி, வத்தளை வரைக்கும் நின்றே போனேன். கை நோகவில்லை. அவ்வளவு பெருமை. மாமி கேற்றைத் திறந்தார்.

“பிறந்த நாள் வாழ்த்துகள் மாமி. இந்தமுறை மறக்கேல்லை.”

மாமி கேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார்.

“எனக்குப் பிறந்த நாள் டிசம்பரிலயெல்லோ தம்பி. உள்ள வாங்கோ. அலுமாரியை மேல்மாடிக்கு ஏத்த இண்டைக்கு நீங்கள் கட்டாயம் வருவீங்களெண்டு பிள்ளை போன மாசமே சொன்னவள்.”