ரெடியாகாத காரும் நான் செய்த சத்தியமும்

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்களுக்குத் தாங்கள் சொல்வது பொய் என்றாவது தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் போர்மேன். வீடு விருதுநகரில். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் காரை விற்க முடிவு செய்தபோது, வாங்க முன்வந்தவர் என் மனைவி செல்வியின் அண்ணன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. (இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் வைப்பார்.) மச்சான் வந்தார், ஓட்டிப் பார்த்தார், திருப்தி. கடைசியாகத் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனரை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகிவிட்டுச் செல்போனைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மாப்ள, புகை சம்பந்தப்பட்ட சோதனை ஒண்ணுகூட ரெடி ஆகலையே."

வண்டி ஓட ஓட, புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அதன் கம்ப்யூட்டரே சோதித்து, ஒவ்வொன்றாக 'ரெடி' என்று குறித்துக்கொள்ளுமாம். கோளாறுப் பதிவை யாராவது ஸ்கேனரால் அழித்தாலோ, பேட்டரி வயரைக் கழற்றினாலோ அந்தக் குறிப்பெல்லாம் போய்விடுமாம். விற்பதற்கு முதல் நாள் கோளாறை மறைக்கிறவர்கள் செய்கிற வேலை அது என்று மச்சான் பொதுவாகச் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

"மாரியம்மன் மேல சத்தியமா நான் ஒண்ணையும் தொடல மச்சான்."

"அப்பச் சரி. ஒரு வாரம் ஓட்டுங்க, தானா ரெடி ஆயிரும்."

அவர் ஊருக்குப் போனதும் செல்வி, "எங்க அண்ணன்கிட்டயா இந்த வேல?" என்றாள். கல்யாணமான பதினாறு வருடத்தில் என்னைச் சோம்பேறி என்றிருக்கிறாள், மறதிக்காரன் என்றிருக்கிறாள். களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தது அன்றுதான். எனக்கு நிஜமாகவே வலித்தது.

மெக்கானிக் காஜா பாய் வழி சொன்னார். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் சும்மா நிறுத்த வேண்டும். பெட்ரோல் பாதி டேங்க் இருக்க வேண்டும். நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போய், பிறகு பிரேக்கைத் தொடாமல் வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும். சூலக்கரைப் பக்கம் நான் அப்படிக் குறையவிட்டுக்கொண்டிருந்தபோது, ஆள் ஏற்றி வந்த கம்பெனி வேன் ஒன்று பக்கத்தில் வந்தது. "அண்ணே, காரு ஓட்டுறீகளா, தேரு இழுக்குறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார் டிரைவர்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றும் ரெடியாகவில்லை. பாய் பெட்ரோல் மூடியை மாற்றினார், ஒரு சென்சாரை மாற்றினார், சைலன்சரில் காது வைத்துக் கேட்டார்.

"பேட்டரி வயரக் கழட்டுனீகளா?"

"சத்தியமா இல்ல பாய்." (சத்தியம் செய்யச் செய்ய எனக்கு ஒரு கம்பீரமே வந்திருந்தது. வண்டிக் கடிகாரம் வேறு தினமும் காலையில் பன்னிரண்டு காட்டும். அது தனிக் கோளாறு என்று நேரத்தை நானே திருத்திக்கொள்வேன். அதற்கெல்லாம் பாயைத் தொந்தரவு செய்யவில்லை.)

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மச்சானே வந்துவிட்டார். காலையிலிருந்து மத்தியானம் வரை ஸ்டீயரிங்கை விடாமல் அவரே ஓட்டினார். என்ன ஆச்சரியம், ஒன்றைத் தவிர எல்லாம் ரெடி. அந்த ஒன்றும் வண்டி ஆறி, மறுநாள் எடுக்கும்போது ஆகிவிடுமாம். வீட்டு வாசலில் அவர் இறங்கிக்கொள்ள, நான் காரை உள்ளே விட்டேன். செல்வி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். எனக்கு ஒரே பெருமிதம்.

"பாத்தீகளா மச்சான்? நான் தொடலன்னு அன்னைக்கே சொன்னேன்ல. சத்தியம் பண்ணிச் சொன்னா நம்பணும்."

வாய் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, கை பானட்டைத் திறந்தது, பேட்டரி நட்டைத் திருகியது, வயரைக் கழற்றி ஓரமாக வைத்தது, பானட்டை மூடியது. நான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, இப்ப என்ன பண்ணுனீக?"

"வண்டிய நிறுத்துனேன்."

"நிறுத்திட்டு?"

அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனியில், காம்பவுண்டுக்குள் நிற்கிற எந்த வண்டிக்கும் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். ஒரு பொறி போதும் என்பார் முதலாளி. ஸ்பேனர் தேடாமல் கழற்ற, இந்தக் காருக்கு அப்போதே கையால் திருகும் நட்டும் போட்டுவைத்திருந்தேன். அந்தக் கம்பெனியை விட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கை மட்டும் இன்னும் ராஜினாமா செய்யவில்லை. காலையில் வண்டி எடுக்கும்போது வயரை மாட்டுவதும் அதே கைதான். வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன், கழற்றினேன் என்று நினைவு வைத்துக்கொள்வானா?

"தெனம் பானட்டத் தெறந்தாக. தண்ணி பாக்காகன்னுல்ல நெனச்சேன்" என்றாள் செல்வி, தலையில் அடித்துக்கொண்டு.

மச்சான் படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு தங்கச்சியிடம் சொன்னார்: "இந்தக் கார நான் எடுத்துக்கிறேன் செல்வி. ஏமாத்துறதுக்குக் கொஞ்சமாச்சும் மூள வேணும்லா."

பொய்ச் சத்தியத்துக்காகச் செல்வி மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். அம்மன் மன்னித்திருப்பாள். செல்வியின் பிறந்த வீட்டார்தான் விடவில்லை. இப்போதும் அங்கே வரன் பார்க்கும்போது, பையன் யோக்கியமா என்று யாராவது கேட்டால், "நம்ம விருதுநகர் மாப்ள அளவுக்கு யோக்கியம்" என்கிறார்கள்.

"அம்புட்டா?" என்கிறார்கள் கேட்டவர்கள். "அப்ப வேற எடம் பாப்போம்."