என்னைப் பார்த்தால் பயப்படும் ரோபோ

பாலக்கோடு

மதிப்பிற்குரிய பெரியண்ணன் மாமாவுக்கு, வீரமணி வணக்கத்துடன் எழுதுவது. அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? நான் நலம் என்று எழுத வந்தேன், கை வரவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஞாயிறு சேலத்துக்குப் பெண் பார்க்க வருவதில் ஒரு சிக்கல் வந்து, நேற்றுத்தான் தீர்ந்தது. எங்கள் மாங்கூழ் கம்பெனியில் டின் அடுக்க ஒரு ரோபோ வந்திருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் மிரளக்கூடாதென்று திரையில் அதற்கொரு முகம். நம்ம ஜனங்களுக்கு இது போதாதா? ஷிப்டு ஏறும்போது எல்லாரும் அது மூஞ்சியில்தான் சகுனம் பார்க்கிறார்கள். மணிமேகலை அக்காவைப் பார்த்தால் சிரிக்கிறது. வேன் ஓட்டும் அன்வர் பாஷா பாயைப் பார்த்தாலும் சிரிக்கிறது. என்னைப் பார்த்தால் மட்டும் கண்ணை விரித்து, வாயைப் பிளந்து, பயப்படுகிறது மாமா! அதுக்கு ஸ்குரூ முடுக்கிவிடுறவனே நான்! "தம்பி, உங்களுக்கு என்னமோ ஆவப்போவுதுங்க, பேசாம வூட்டுக்குப் போயிருங்க" என்று அக்கா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாங்க. ஞாயிறு என்னைக் கூட்டிவருவதாகச் சொன்ன அன்வர் பாயோ, "தொப்பூர் எறக்கத்துல உன்ன ஏத்திக்கிட்டு நான் பிரேக்க நம்பறதா, அந்த மூஞ்சிய நம்பறதா? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கப்பா" என்று கும்பிட்டுவிட்டார். நான் படிச்சவன், சகுனம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனாலும் ஒரு வாரமா ஃபேனுக்கு நேர் கீழே படுக்கிறதில்லை.

நேற்று பொறுக்க முடியாமல் அதன் மெனுவை நோண்டினேன். எதிரில் நிற்பவர் முகம் எப்படியோ அதையே திருப்பிக் காட்டும் செட்டிங்! ரோபோவை மாட்ட வந்தவன் அதை அணைக்காமலே போயிருக்கிறான். "பொண்ணு வூட்ல வாயத் தொறக்காத, போன தடவ கெடுத்ததே உன் வாய்தான்" என்று நீங்க போன் செய்த நாளிலிருந்து என் மூஞ்சிதான் அப்படி இருந்திருக்கிறது. அணைத்துவிட்டேன். எல்லாரையும் கூப்பிட்டு விளக்கியும் விட்டேன். அன்வர் பாயும் சரி என்றுவிட்டார். பயம் ஒன்றும் இல்லை, ஞாயிறு காலை கண்டிப்பாக வருகிறேன். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
வீரமணி

பி.கு.: விளக்கினது தப்பாப் போச்சு மாமா. "அப்ப மெசினுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் தம்பி மூஞ்சியிலதான் தெரிஞ்சிருக்குது" என்று அக்கா சொல்ல, இன்று காலையிலிருந்து வரிசையாக வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் அன்வர் பாயும் வேன் சாவியோடு வந்து பார்த்தார். சிரிக்கத்தான் பார்த்தேன். "இன்னிக்கு நான் வண்டியே எடுக்கலப்பா" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அப்புறம் நானும் கண்ணாடியில் பார்த்தேன். பெண் வீட்டுக்கு வேறு தேதி சொல்லிவிடுங்கள்.