டிஞ்சரும் ஜன்னலிலிருந்து குதித்தவர்களும்

திருச்சியில் அடிபடாமல் நடமாடுவது எவ்வளவு பெரிய துரோகம் என்று எனக்கு உணர்த்தியவர் டிஞ்சர் ஒருவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை அவருடையது. ஏதோ ஆபீசில் குமாஸ்தா. என்றைக்கோ முதலுதவிப் பயிற்சி எடுத்தவர், அன்றுமுதல் ஒரு தகரப் பெட்டியில் பஞ்சு, பேண்டேஜ், டிஞ்சர் பாட்டில் சகிதம் விபத்துக்காகக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை, டிஞ்சர் என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நம்பி ஸ்ரீரங்கம் போனார். கால் கடுக்கிறது என்று உட்கார்ந்த ஓர் அம்மாளைப் படுக்கவைத்துக் கட்டுப்போட முயன்று, அவருடைய பிள்ளைகளிடம் வசவு வாங்கிக்கொண்டு திரும்பினார். லாட்ஜில் யாராவது ஷேவ் செய்தால் போதும், வாசலில் வந்து நம்பிக்கையோடு நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் அறைவாசி சேவியருக்கு சிங்கப்பூர் மச்சான் ஒரு கையடக்க வீடியோ கேம் கொண்டுவந்து கொடுத்தார். சோப்புப் பெட்டி அளவு, வெள்ளி நிறத் தகடு, இரண்டு சிவப்புப் பட்டன்கள், நடுவில் சின்னத் திரை. லாட்ஜே எங்கள் அறையில் கூடிவிட்டது.

"இதுல பெருக்கல் எப்படிப் போடறது?" என்று கேட்டார் மேனேஜர்.

சேவியர் பட்டனை அழுத்தினான். 'பிக், பிக்' என்று சத்தம். திரையில் தீப்பிடித்த ஒரு மாடி வீடு. ஜன்னலிலிருந்து எறும்பளவு ஆட்கள் குதித்தார்கள். கீழே இருவர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிப்போய் அவர்களைத் தாங்க வேண்டும் என்று விளக்கினான். ஸ்ட்ரெச்சர் என்று காதில் விழுந்ததும் டிஞ்சர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அந்த நேரம் பார்த்து சேவியர் ஓர் ஆளைக் கோட்டை விட்டான்.

"ஐயோ! ஆள் போயிட்டானே!"

"விளையாட்டு சார். மூணு பேர் விழுந்தாத்தான் அவுட்டு. ரெண்டு பேர் போனா பரவாயில்ல."

"பரவாயில்லையா? அவங்க வீட்ல போய் நீங்க சொல்லுவீங்களா?"

மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டதும் நேரே எங்கள் அறைக்கு வந்துவிடுவார். முகம் கழுவி, திருநீறு இட்டு, சம்மணம்போட்டு உட்கார்ந்து தீயணைப்புக்குத் தயாராவார். ஒருவன் தவறி விழுந்தாலும் அன்று மெஸ்ஸில் சாம்பாரோடு எழுந்துவிடுவார், ரசத்துக்கு மனம் வராது. ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டால், "எல்லாரும் உயிரோட இருக்காங்க" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாட்ஜோடு முக்கொம்புக்குப் போனோம். புளியோதரையை முடித்துவிட்டு மரநிழலில் டிஞ்சர் விளையாட உட்கார்ந்தார். அன்று என்ன மாயமோ, ஒருவன்கூட விழவில்லை. குதிப்பவர்களின் வேகம் கூடிக்கொண்டே போக, சுற்றி நின்றவர்கள் மூச்சுவிடவும் பயந்தார்கள். கை கழுவலாமென்று நான் மட்டும் படித்துறைக்கு இறங்கினேன். பாசி வழுக்கியது. "அம்மா!" என்று அலறி விழுந்தேன்.

டிஞ்சர் கையிலிருந்ததை அப்படியே எறிந்துவிட்டுப் பெட்டியோடு பாய்ந்து வந்தார். எறிந்தது படிப்படியாகக் குதித்துக் காவிரிக்குள் போனது. சேவியர் தண்ணீரில் இறங்கித் தேடி எடுத்தான். திரை இருண்டு கிடந்தது.

"சேவியர், ஒங்க பொருளு..." என்று டிஞ்சர் தடுமாறினார்.

"போனாப் போவுது சார். மொதல்ல அவன் காலப் பாருங்க."

வெறும் சுளுக்குதான். ஆனால் இத்தனை வருஷத்து பேண்டேஜும் என் கணுக்காலில் ஏறியது. யானைக்கால்போல ஆகிவிட்ட அதை நாலு பேர் சேர்ந்து டவுன் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் டிஞ்சர் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆசைப்பட்ட விபத்து கிடைத்தும் சந்தோஷத்தைக் காணோம்.

"என்ன சார், அந்த கேமை நெனச்சா?"

"இல்லப்பா. நீ கத்தின நேரத்துல ஒருத்தன் ஜன்னல்லேருந்து குதிச்சிட்டான். பாதி வழியில இருந்தான். விட்டுட்டு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பொழச்சிருப்பான் சார்" என்றேன்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. உடனே அவர் குனிந்து என் காலைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். என்னைவிட இருபது வயது பெரியவர். கூச்சத்தில் இழுத்துப் பார்த்தேன், விடவில்லை.

"இன்னும் வலிக்குதா?"

வலி எப்போதோ போயிருந்தது.

"கொஞ்சம் வலிக்குது சார்" என்றேன்.