கூடாரத்தில் ஏழு நாள்: வல்லம் மைத்துனருக்கு எழுதிய கடிதம்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

மரியே வாழ்க!

வல்லத்தில் பயிரும் பிள்ளைகளுமாய் நீடூழி வாழும் என் மைத்துனன் சவுரிராயனுக்கு, அத்தான் அமலதாஸ் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த வாரம் நலம் போய்விட்டது. ஆவலை மட்டும் ஏற்றுக்கொள். போனில் சொன்னால் உன் அக்கா சகாயசெல்வி பக்கத்தில் நின்று கேட்பாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

புனேவில் இருக்கும் என் மகள் கிளாரா இரண்டு வருஷம் கழித்து லீவில் வருகிறாள். எண்ணி ஏழே நாள். அந்த ஏழு நாளையும் பாண்டிச்சேரிக் கடற்கரையில் கூடாரம் போட்டுக் கழிக்கப் போகிறாளாம்! இதெல்லாம் அவள் புருஷன் ஜெனித்தின் மூளை. விடியுமுன் எழுந்து சூரியனைப் பார்க்க வேண்டுமாம், நம் கொல்லையில் உதிப்பது வேறு சூரியன் போலிருக்கிறது. செம்மண் சாலையில் சைக்கிள் ஓட்ட வேண்டுமாம், அந்தச் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வருவார்களாம். அலைமேல் பலகை போட்டு ஏறி நின்று, பிறகு விழ வேண்டுமாம். வீடில்லாதவன் வெளியில் படுத்தால் பாவம் என்கிறோம், வீடுள்ளவன் காசு கட்டிப் படுத்தால் அதற்குப் பேர் கேம்பிங்.

"அப்பா, பாண்டி ரூட்டுல நீங்க பழம் தின்னு கொட்டை போட்டவரு. பிளான் போட்டுக் குடுங்க"ன்னு கிளாரா சொன்னாள். இருபத்தெட்டு வருஷம் அதே ரூட்டில் தினம் நாலு டிரிப் கண்டக்டராய்ப் போனவனுக்குப் பிளான் ஒரு பெரிய விஷயமா? போட்டேன். காலை 6.10 திண்டிவனம் புறப்பாடு, கிளியனூரில் டீ ஐந்து நிமிஷம், 7.25 பாண்டி, கடல் இருபது நிமிஷம், படகு அரை மணி, சாப்பாடு, 3.40 பஸ்ஸில் திரும்பி வீட்டில் உறக்கம். ஏழு நாளும் இதேதான். அதைப் பார்த்துவிட்டு, "இது டூர் இல்லப்பா, ட்யூட்டி சார்ட்டு"ன்னு சிரிக்கிறாள்.

சரி, இடத்தையாவது நேரில் பார்த்து ஒரு குறை கண்டுபிடித்து வரலாம் என்று நேற்று உன் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். பாண்டி பஸ் ஸ்டாண்டில் ராஜா மாதிரி இறங்கினேன். டைம் கீப்பர் ரூம் தெரியும், டீக்கடை தெரியும், கக்கூஸ் தெரியும். வாசலைத் தாண்டினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, மச்சான். யாரையாவது கேட்டால் கௌரவம் என்னாவது? "பேசாம வா"ன்னு முக்கால் மணி நேரம் வெயிலில் நடத்தினேன். வந்து சேர்ந்தது விழுப்புரம் போகும் ரோடு. அங்கே ஓர் ஆட்டோக்காரன், பேர் முருகையன், படிக்கும்போது என் பஸ்ஸில் பாஸ் காட்டி வந்தவனாம், கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னா கண்டக்டர் சார், இருவத்தெட்டு வருசம் வந்துக்கினு இருந்தீங்க, கடலு எந்தப் பக்கம்னு தெரியலியா?"

"வண்டியத் திருப்ப பத்து நிமிசம் குடுப்பான். அதுல எங்கடா கடலப் பாக்கறது?" என்றேன். உன் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒருவழியாய்க் கடலைப் பார்த்தேன். தண்ணீர். நிறையத் தண்ணீர், ஒரு வாய் குடிக்க ஆகாது. இருபது நிமிஷம் ஆனதும், சட்டைப்பையில் பழைய விசில் இருந்தது, கிளம்பச் சொல்லி ஊதினேன். கரையிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பாறைமேல் உட்கார்ந்திருந்த உன் அக்கா மட்டும் திரும்பவில்லை.

"கட்டிக்கினு வந்த மொத வாரம் கடலக் காட்டறேன்னு சொன்னீங்க. இத்தினி வருசம் உங்க விசிலுக்கு எயுந்து ஓடினேன். இன்னிக்கு வண்டி நிக்கட்டும்."

மூன்று மணி நேரம் நின்றது.

விஷயம் இதுதான். இரண்டு வருஷமாய்ப் பூட்டிக் கிடக்கும் கிளாராவின் அறையை நான் கழுவி வைத்திருக்கிறேன். வருகிற ஏழு நாளையும் கடலுக்கே கொடுத்துவிட்டால் எங்களுக்கு என்ன மிச்சம்? எனக்கு வயிறு எரிகிறது. நீ தாய்மாமன், நீ சொன்னால் கேட்பாள். உடனே போன் போட்டு, கூடாரத்தை நிறுத்தச் சொல்.

அன்னை மரியாள் உன் கிணற்றையும் குடும்பத்தையும் வற்றாமல் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்.

இப்படிக்கு,
உன் அத்தான்
அமலதாஸ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கிளாரா பேசினாள். கூடாரம் நாலு பேர் படுக்கிறதாம். "உங்கள உட்டுட்டு நாங்க மட்டும் எதுக்குப்பா போறோம்? அம்மா எத்தினி வருசமா கடலு கடலுன்னு கேட்டுக்கினு இருந்தாங்க!" என்கிறாள். ஆகவே நீ போன் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. ஏழு நாளைக்கு ஆகிற மாதிரி வறுத்த மல்லாட்டைக் கடலை ஒரு பையும், உன் அரை டிராயர் ஒன்றும் அனுப்பு. விடியுமுன் எல்லோரையும் எழுப்பும் ட்யூட்டி எனக்குத்தான். விசிலை மட்டும் எடுத்து வரக்கூடாது என்கிறாள் உன் அக்கா. நீ தம்பி, நீ சொன்னால் கேட்பாள்.