ஞாயிற்றுக்கிழமை பாலைவனம் விடுமுறை

மிக்கேல்ராஜ் சொன்ன இந்தச் சங்கதியைப் பல வருஷங்களாக நான் நம்பவில்லை. அவர் பொய் சொல்லுகிற ஆள் அல்ல. அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. ஒரு பொய்யர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆகவே, நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல், அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

மேற்கு மண்டலச் சாக்குப்பைத் தர நிர்ணய அலுவலகத்தில் மிக்கேல்ராஜ் குமாஸ்தா. சாக்குப்பை தரமாக இருக்கிறதா என்று பார்ப்பது அந்த அலுவலகத்தின் கடமை. பார்த்த பிறகு என்ன செய்வது என்று இன்னும் உத்தரவு வரவில்லை. அவருக்குக் குடியிருப்பு தாராவியில், ஒற்றை அறை. மனைவி சகாயராணிக்கு இந்த உலகத்தில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று: வீட்டுக்குள்ளேயே ஒரு தண்ணீர்க்குழாய். தினமும் காலையில் பொதுக்குழாயடியில் வாளியோடு நின்று நின்று, இந்தியிலும் மராத்தியிலும் உள்ள வசவுகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. கோயிலில் பூசை நேரத்தில்தான் அவை வரிசையாக நினைவுக்கு வந்து அவளைச் சங்கடப்படுத்தின.

செம்பூரில் அலுவலகத்துக்குச் சொந்தமான குவார்ட்டர்ஸில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளேயே குழாய் உண்டு. ஆனால் கேட்டவர்கள் பலர். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு மனவருத்தம் உண்டாகுமே என்ற உயர்ந்த எண்ணத்தில், மேலதிகாரி கோமதிநாயகம் அதை யாருக்குமே கொடுக்காமல் பாதுகாத்து வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாதுங்காவில் மேலதிகாரி வீட்டில் கள்ளிச்செடி வந்து இறங்கியது. மேலதிகாரியின் மனைவி அகிலாண்டம் மல்லிகைத் தொட்டிகளையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, கூடம் முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கள்ளி வைத்தாள். மறுவாரமே அலுவலகத்தில் எல்லார் வீட்டிலும் கள்ளி முளைத்தது. முள் தைத்த விரலில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்கு வருவது நல்ல ரசனைக்கு அடையாளம் ஆயிற்று. கள்ளி வாங்க வசதியில்லாதவர்கள் துணியை மட்டும் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு அந்தத் தம்பதி ராஜஸ்தான் பாலைவனத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்ததும் கோமதிநாயகம் அலுவலகத்தில் அறிவித்தார்:

"பாலைவனத்தைப் பார்த்தவனுக்குத்தான்யா பார்வை விசாலமாகும். அப்படி ஒரு ஆள் அமைஞ்சா, செம்பூர் வீட்டைப் பற்றி யோசிக்கலாம்னு இருக்கேன்."

மிக்கேல்ராஜ் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சகாயராணி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மணலைப் பாக்கதுக்கு ரயிலேறணுமா? எங்க சாத்தான்குளத்துத் தேரியில கெடக்காத மணலா?"

"ஏட்டி, அது செவப்பு மணலு. அதையெல்லாம் ஆபீசுல பாலைவனம்னு ஒத்துக்கிட மாட்டாவ."

"கள்ளி?"

"நம்ம ஊருக் கள்ளிக்கு எவன் கிண்ணம் வாங்குவான்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வீட்டுக்குள்ள பைப்பு கெடைக்கும்னா நான் நடந்தேகூட வருவேன். லீவு எழுதிக் குடுங்க."

அகமதாபாத்தில் மாறி, ஜோத்பூரில் மாறி, கடைசியில் ஒரு சின்ன ஊரில் இறங்கினார்கள். அதற்குள் சகாயராணியின் கொண்டையில் மணல், காதில் மணல், கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றிலும் மணல். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் வானம் தொடுகிற இடம் வரைக்கும் மணல். மிக்கேல்ராஜ் பார்வை விசாலமாகட்டும் என்று கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அதிலும் மணல் விழுந்தது.

"பாத்தாச்சில்லா? அடுத்த ரயில் எப்போ?" என்றாள் சகாயராணி.

பின்னால் ஒருவர் கனைத்தார். பெரிய தலைப்பாகை, அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. சுற்றுலா அதிகாரியாம்.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்று இந்தியில் விசாரித்தார்.

"பாலைவனம், சாப்."

"இதுவா? இது விவசாய அபிவிருத்தித் துறையின் நிலம். அவர்கள் அறிக்கைப்படி இங்கே போன வருஷமே கோதுமை விளைந்துவிட்டது. இதைப் பாலைவனம் என்று சொல்வது குற்றம். பாலைவனம் அதோ, அந்த வேலிக்குள்ளே இருக்கிறது."

"அப்படியானால் அங்கே போய்ப் பார்க்கலாமா?"

"இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பாலைவனம் விடுமுறை."

ஆகவே, திங்கட்கிழமை மணலைப் பார்ப்பதற்காக இருவரும் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒட்டகம் ஒன்று வந்து சகாயராணியின் பையை முகர்ந்து பார்த்தது.

"இதுவும் லீவுலதான் இருக்கா?" என்று கேட்டு அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலிக்கதவு திறந்தது. உள்ளே அழகான மணல்மேடுகள். வெளியிலிருந்து லாரியில் அள்ளிவந்து குவித்த மணல். அது பறந்து பெரிய அதிகாரிகளின் கண்ணில் விழுந்துவிடக் கூடாது என்று வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் தெளித்ததால் புல் முளைத்தது. புல்லைப் பிடுங்க ஆட்கள் வைத்திருந்தார்கள். அந்த ஆட்கள் வெயிலில் வாடக் கூடாதே என்று வேப்பமரம் வளர்த்திருந்தார்கள். வேப்பமரத்தில் குயில் கூவியது.

"மணலுக்கு ஊத்துற தண்ணியில தாராவியில ஒரு தெருவே குளிச்சிரலாமே, பாவிப்பயலுவ!" என்றாள் சகாயராணி. சுற்றுலா அதிகாரி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

மேட்டின்மேல் வரிசையாகக் கிண்ணங்களில் கள்ளி. "எல்லாம் இங்கே விளைந்ததா?" என்று மிக்கேல்ராஜ் பக்தியோடு கேட்டார்.

அதிகாரிக்கு முகம் சுருங்கியது. "சேச்சே! அத்தனையும் பம்பாயிலிருந்து வரவழைத்த உயர்ந்த சரக்கு. இங்கே விளைகிற கள்ளியை நாங்கள் வேலிக்குத்தான் வைப்போம்."

வெளியே வரும்போது சகாயராணி அந்த வேலிக் கள்ளியில் ஒரு கையை ஒடித்தாள். பால் வடிந்தது. கணவரின் துண்டைப் பிடுங்கி அதைச் சுற்றினாள்.

"ஏட்டி, வேலிக்கள்ளிட்டி அது!"

"வெறுங்கைய வீசிட்டுப் போயி, நாங்க விசாலமாப் பாத்தோம்னு சொன்னா எவன் நம்புவான்? சும்மா வாங்க."

மாதுங்கா வீட்டில் அகிலாண்டம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டைப் பிரித்தாள். "இதுக்கு என்ன பேரு?"

சகாயராணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பணிவாகச் சொன்னாள்: "அம்மா, அதுக்குப் பேரு வைக்க எங்களுக்கு ஏது அதிகாரம்?"

கோமதிநாயகம் நாற்காலியில் நிமிர்ந்தார். பேரே வைக்கப்படாத கள்ளி! அகிலாண்டம் அதைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் அவர் நேர்மைக்குப் பேர்போனவர். சர்க்கார் கொடுத்த லீவில் கிடைத்தது சர்க்காருக்கே சொந்தம் என்று சொல்லிவிட்டார்.

கள்ளி அலுவலகத்துக்கு வந்தது. அங்கே வெயில் இல்லை. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வெயில் படுகிற ஜன்னலோடு சர்க்காருக்கு இருந்த ஒரே காலியிடம் செம்பூர் வீடுதான். கோமதிநாயகம் மிக்கேல்ராஜைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினார்.

மிக்கேல்ராஜ் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். "சார், வீடு எனக்குங்களா?"

"உமக்கா? உமக்கு ஏதய்யா சீனியாரிட்டி? வீடு கள்ளிக்கு."

"கள்ளிக்குச் சீனியாரிட்டி..."

"அந்த வகையில அது ஒண்ணுதானே இருக்கு? அப்போ அதுதானே எல்லாருக்கும் மூத்தது? நியாயமா யோசியும். ஆனா கதவைத் திறந்து மூட அதால ஆகாது. அதுக்குத் துணையா நீரும் உம்ம சம்சாரமும் இருந்துகிடலாம். தற்காலிகமா."

முன்னறை கள்ளிக்கு என்று ஆயிற்று. தம்பதிக்குச் சமையலறை. சகாயராணி அதைப் பொருட்படுத்தவில்லை. நேரே குழாயிடம் போய், திருகி, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் விழுந்தது. சத்தம் போடாமல் அழுதாள்.

மறுநாள் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். கள்ளிக்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டால் வேர் அழுகும். குடியிருப்பவரின் உடல்நலத்தை முன்னிட்டுக் குழாயை அடைக்கும்படி மேலிடத்து உத்தரவு. பத்து நிமிஷத்தில் குழாய்க்கு ஈயமூடி விழுந்தது.

சகாயராணி வாளியை எடுத்துக்கொண்டு கீழே காலனிப் பொதுக்குழாய்க்குப் போனாள். போகிறபோது முன்னறையைப் பார்த்துச் சொன்னாள்: "தாராவியிலயாவது எனக்கு முன்னால மனுசங்கதான் நின்னாங்க."

இவ்வளவும் சொன்ன மிக்கேல்ராஜை நான் பல வருஷம் மனத்துக்குள் சந்தேகித்தேன். ஒரு கள்ளிக்கு வீடு கொடுப்பார்களா? அப்படியே கொடுத்தாலும் ஒரு மனிதர் அதற்குத் துணையாகச் சமையலறையில் குடியிருப்பாரா? போன மாதம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு செம்பூருக்கே போனேன். ஜன்னலோரம் கள்ளி நின்றது. நல்ல வளர்த்தி, நாலைந்து கைகள். சமையலறையில் மிக்கேல்ராஜ் பலகையைப் போட்டு உட்காரச் சொன்னார். சகாயராணி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். இதெல்லாம் நிஜம்தானா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். தாராவியில் என் அறையைப் போல ஒழுகாமல், சுவர் காய்ந்திருந்தது. காற்று வந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்:

"அண்ணாச்சி, அதுல ஒரு கை ஒடிச்சுத் தருவீங்களா?"