டவர் வந்த ஊர்

கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். போனில் சிக்னல் வராவிட்டால் 'டவர் இல்ல' என்போம். இன்டர்நெட் வராவிட்டாலும் அதே 'டவர் இல்ல'தான். நுனிநாக்கில் பிரித்துப் பேச எங்களுக்கு நேரமில்லை.

இந்த டவர் இல்லாததால் ரேஷன் கடையில் கைரேகை மெஷினின் திரையில் வட்டம் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. ரேகை பதியாமல் அரிசி கிடையாது. ஒண்டியாக வாழும் வீரம்மாளுக்கு அந்த அரிசியை விட்டால் உலையில் போட வேறொன்றும் இல்லை. அவள் விழுப்புரம் போய், இணைய எழுச்சித் துறையின் தனி அலுவலர் திருவாளர் நெடுஞ்செழியன் முன் நின்றாள்.

"ஐயா, எங்க ஊர்ல டவர் இல்லீங்க. கொஞ்சம் ஜல்தியா பாருங்க."

அலுவலர் பெருமகனார் மனமிரங்கினார். கோப்பு பறந்தது. ஆய்வுக் குழு வந்து, இளநீர் அருந்தி, ஊரில் டவர் இல்லை என்பதை நேரில் கண்டு உறுதி செய்தது. சிவப்பும் வெள்ளையுமாக டவர் எழுந்தது. மாலை போட்டு, கேசரி கொடுத்துத் திறந்து வைத்தார்கள். அதில் ஒயர் இல்லை, பெட்டி இல்லை, கரண்ட்டும் இல்லை. வீரம்மாள் கடைக்குப் போய்க் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் சுற்றியது.

மறுபடி விழுப்புரம் போனாள்.

"டவர் வரலீங்க, ஐயா."

"அப்ப ஊர்ல நிக்கிறது என்னம்மா?"

"டவருங்க. அதுல டவர் இல்லீங்க."

"நீங்க கேட்டது டவர். குடுத்தாச்சு. இன்டர்நெட் வேணும்னா ஆன்லைன்ல தனியா மனு போடணும்."

"அதுக்கு டவர் வேணுமேங்க."

"அதான் குடுத்தாச்சேம்மா." அலுவலர் தம் போனைத் திருப்பிக் காட்டினார். ஊரே டவரடியில் நின்று செல்ஃபி எடுத்துப் போட்டிருந்தது: 'டவர் வந்தாச்சு, நாங்களும் ஆன்லைன்.' "இத்தனை பேரும் பொய்யா சொல்றாங்க?"

"ஊர்ல எடுத்துக்கினு, கிளியனூர் போய்த்தாங்க ஏத்துறாங்க."

"எங்க நின்னு ஏத்துனாங்கங்கிறது நம்ம துறையில வராதும்மா."

கோரிக்கை நிறைவேற்றப்பட்டது என்று மனு இனிதே முடித்து வைக்கப்பட்டது.

வீரம்மாள் காலிப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததைச் சொன்னாள். கேட்ட எங்களுக்கு வயிறு எரிந்தது, அது சத்தியம். ஆனாலும் ஊருக்கு டவர் வாங்கித் தந்தவள் ஆயிற்றே. சால்வை போர்த்தி, டவரடியில் நிறுத்திப் படம் எடுத்தோம். கையிலிருந்த பை மட்டும் கண்ணை உறுத்தியது. அதைப் பின்னால் மறைத்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு படம் எடுத்து, கிளியனூர் போய்ப் போட்டுவிட்டு வந்தோம்.